கவுண்ட் அவுட்

எண்ணூர் நெடுஞ்சாலையில்
நேற்று மாலையிலிருந்து நாங்கள் நகர்ந்தது
ஒன்பது டிரெய்லர் நீளம்.
துறைமுகம் கேட் திறக்கும் என்கிறார்கள்.
திறக்கும்.
பிச்சாண்டி அண்ணன் ஸ்டியரிங் மேல் கால் போட்டுத் தூங்க
வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து
கையடக்க மிஷினுக்கு உயிர் கொடுக்கிறேன்.
மணலிப் பக்கம் வானத்தில்
குழாய் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

பர்மா பஜாரில் தொள்ளாயிரம் சொன்னான்,
அறுநூற்றைம்பதுக்கு வந்தது.
இடது பட்டன் ஒட்டும்.
பேட்டரி மூடியைப் பிடித்திருப்பது ஒரு பிளாஸ்திரி.
உள்ளே ஒரே ஆட்டம், மல்யுத்தம்:
கயிறு கட்டிய மேடை, ஜிகினா ஜட்டி,
நாற்காலியால் மண்டையில் வாங்கியும்
எழுந்து மீசை முறுக்கும் பயில்வான்கள்.

"டிவியில வர்றதே பொய்ச் சண்டை.
அடிக்கிற மாதிரி அடிப்பான், விழற மாதிரி விழுவான்.
அந்தப் பொய்யைப் பாத்து செஞ்ச பொம்மையோட
நீ மல்லு கட்டுறே"
என்பார் அண்ணன்.
சரிதான்.

மெமரி கார்டை அழிக்காமலே விற்றிருந்தார்கள்.
சொந்தமாய் ஆள் செய்துகொள்ளும் பக்கத்தில்
இரண்டு பேர் இருந்தார்கள்.
ஒருத்தி குணசுந்தரி.
இங்கிலீஷில் பத்து எழுத்துக்குத்தான் இடம்.
கடைசி எழுத்து வெளியே நின்றுவிட,
சேலைக்கட்டில்லாத அந்தச் சின்ன உருவத்துக்கு
ஆம்பளைப் பேர்: குணசுந்தர்.

இன்னொருத்தன் பேர்
அவன்.
இடம் மிச்சமிருந்தும் அவ்வளவுதான்.

அவனைச் செய்தபோது அவள் அவசரப்படவில்லை.
புருவத்தில் வெட்டு, காக்கி அரைக்கைச் சட்டை,
வலது கையில் வாட்ச்.
பலம் தொண்ணூற்றொன்பது.
வேகம் தொண்ணூற்றொன்பது.
தன்னுடையதை எல்லாம்
முப்பத்தைந்திலேயே விட்டிருந்தாள்.
நானாயிருந்தால் மாற்றிப் போட்டிருப்பேன்.
யார் தட்டிக் கேட்கப் போகிறார்கள்?

கணக்கும் இருந்தது.
குணசுந்தர் எதிர் அவன்:
தோல்வி இருநூற்றுப் பதினொன்று,
வெற்றி ஒன்று.
அதற்குப் பிறகு ஆட்டமே இல்லை.

அந்த ஒன்று எப்படி?
சாத்தாங்காட்டில் யோசித்தேன்,
சுங்கச்சாவடி டீக்கடையில் யோசித்தேன்,
பதினேழு ராத்திரி அவளாக விளையாடினேன்.
கயிற்றின் மேலேறிக் குதித்தால் காற்றிலேயே பிடிக்கிறான்.
நாற்காலி எடுத்தால் அதைப் பிடுங்கி எனக்கே போடுகிறான்.
கீழே கிடந்தால் மிதிக்கிறான்.
நடுவர் ஒன்று, இரண்டு, மூன்று தட்டிவிட்டு
அவன் கையைத் தூக்கிப் பிடிக்கிறார்.
நடுவர் எதையும் பார்ப்பதில்லை,
எண்ணுவது மட்டும்தான் அவர் வேலை.

இன்றைக்கு ஒட்டுகிற பட்டன்தான் செய்தது.
தப்பாய் அழுந்தி
அவள் உருண்டு கயிற்றுக்கு வெளியே விழுந்தாள்.
அவனும் இறங்கித் துரத்தினான்.
நடுவர் எண்ண ஆரம்பித்தார்.
மேடையைச் சுற்றி ஓடவிட்டேன்,
ஒரு சுற்று, இரண்டு சுற்று,
எட்டு என்றார்,
ஒன்பதில் அவள் அடிக்கயிற்றுக்குக் கீழே
உள்ளே நுழைந்தாள்.
அவன் இரும்புக் கம்பத்தோடு முட்டிக்கொண்டிருந்தான்.
பத்து.
மணி அடித்தது.

யாரும் யாரையும் வீழ்த்தவில்லை.
தோள் தரையில் படவில்லை.
அவன் வெளியே.
அவள் உள்ளே.
நடுவில் ஒரு கயிறு.

கொருக்குப்பேட்டையோ, கல்மண்டபமோ,
எந்த வீடு என்று எனக்கெப்படித் தெரியும்?
ஒரு தாழ்ப்பாள் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது,
புதுசு, ஆணியில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு.

சேமிக்கவா என்று கேட்டது திரை.
வேண்டாம் என்று அழுத்தினேன்.
ஒன்று ஒன்றாகவே இருக்கட்டும்.

"எவன்டா ஜெயிச்சான்?"
கண்ணைத் திறக்காமல் அண்ணன்.
"எவனும் இல்லண்ணே."

முன்வண்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.
மிஷினைச் சட்டைக்குள் போட்டுக் குதித்து
சக்கரத்துக்கு முட்டு வைத்திருந்த கல்லை எடுக்க ஓடினேன்.